தவசிக்கு ஒரு உருட்டு பாக்கி

போன வாரம் பாளையம்பட்டி போகும் ரோட்டில் உள்ள குழியைப் பற்றி எழுதியிருந்தேன். நாலு பேர் போன் போட்டுப் பாராட்டினார்கள். குழி அப்படியே இருக்கிறது. அதனால் இந்த வாரம் வேறு விஷயம்.

வேல்ராஜ் என்று எனக்கு ஒரு நண்பன். நூல் மில்லில் சூப்பர்வைசர். வயது நாற்பத்தைந்தைத் தொடப்போகிறது, தலை முக்கால்வாசி காலி. பத்து நாளைக்கு முன்னால் ஒரு காலையில் என் கடைக்கு வந்தான். புதிதாகப் படிப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன், என் கடை மோட்டாருக்குச் செப்புக் கம்பிக் காயில் கட்டும் கடை. எழுத்தெல்லாம் வாரத்துக்கு ஒரு நாள்தான். வேல்ராஜ் கையில் ஒரு அட்டைப் பெட்டி. கைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு வந்தான்.

“மாப்ள, திரும்பப் போட்டுட்டான்டா.”

“என்னத்தடா போட்டான்?”

பெட்டியைத் திருப்பிக் காட்டினான். விளங்கிவிட்டது. விளங்கியதும் எரிச்சல்தான் வந்தது.

வெளிநாட்டில் ஒரு கம்பெனி இருக்கிறது. பெயர் வேண்டாம். விரல் உயரத்துக்குச் சிப்பாய்ப் பொம்மைகள் செய்து விற்பார்கள். நாமே ஒட்டி, பெயின்ட் அடித்து, மேஜையில் நிறுத்தி, ஸ்கேலால் அளந்து நகர்த்தி, பகடை உருட்டிச் சண்டை போடவேண்டும். பெரிய ஆட்டத்துக்கு நூறு சிப்பாய் வேண்டும். அது காசு உள்ளவன் சமாச்சாரம். ஆனால் அதே கம்பெனி சின்ன ஆட்டம் ஒன்றும் போட்டிருந்தது. ஒரு கோஷ்டிக்கு எட்டுப் பேர் போதும். எங்களைப் போன்ற ஆட்களுக்கு அதுதான் கட்டுப்படியாகும்.

எட்டே பொம்மையை வாங்கிவிட்டு ஒருவன் பத்து வருஷம் ஆடினால் கம்பெனி எப்படிப் பிழைக்கும்? நிறுத்திவிட்டார்கள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சின்ன ஆட்டங்கள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக மூடினார்கள். இப்போது என்னவென்றால், அன்றைக்கு ஆடிய பயல்களுக்கெல்லாம் தலை நரைத்து, மாதச் சம்பளம் கைக்கு வந்ததும், ‘உங்கள் மனம் கவர்ந்த ஆட்டம் மீண்டும் வருகிறது’ என்கிறார்கள். புதைத்தவனே தோண்டி எடுத்து, பவுடர் பூசி, இரண்டு மடங்கு விலைக்கு விற்கிறான். நாம் கியூவில் நிற்கிறோம்.

என்ன திமிர் பாருங்கள்.

அருப்புக்கோட்டையில் இந்த ஆட்டம் எப்படி முளைத்தது என்று கேட்பீர்கள். தவசியால் வந்தது. தவசி எங்களோடு ஐ.டி.ஐ. படித்தவன். ஊர், திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகிற வழியில் உள்ளே தள்ளி ஒரு கிராமம். அவனுடைய தாய்மாமன் கப்பலில் வேலை பார்த்தார். பிள்ளைகள் விளையாட்டுச் சாமான் என்று நினைத்து எந்தத் துறைமுகத்திலோ இந்தப் பெட்டியை வாங்கி வந்து கொடுத்துவிட்டார். பிரித்துப் பார்த்தால் உள்ளே மூன்று கோஷ்டிக்கான ஈயத் துண்டுகள், கூடவே ஒரு இங்கிலீஷ் புத்தகம். டிக்‌ஷ்னரியை வைத்துக்கொண்டு நாங்கள் மூன்று பேரும் அதைப் படித்து முடிக்க ஒரு மழைக்காலம் ஆனது. மழைக்காலம் என்பது பேருக்கு. மழை எங்கே பெய்தது?

பாளையம்பட்டியில் வேல்ராஜ் வீட்டு மாடி அறைதான் எங்கள் போர்க்களம். வற்றிப்போன கண்மாயில் வெடித்துக் கிடக்கும் மண்பாளங்களைச் சாக்கில் கட்டிக் கொண்டு வந்து மேஜையில் அடுக்கினோம். நடுநடுவே கருவேல முள்ளை ஊன்றினோம். புத்தகத்தில் இருந்த போட்டோவில் எல்லாம் பச்சைப் புல். எங்கள் சிப்பாய்கள் மட்டும் திருச்சுழித் தாலுகாவில் சண்டை போட்டார்கள்.

பெயின்ட், சைக்கிள் கடையில் வாங்கிய எனாமல். தொப்பி, சட்டை, பெல்ட் எல்லாம் பூசுவோம். கண் மட்டும் வைக்கமாட்டோம். தவசி விடமாட்டான். எங்கள் பக்கம் அய்யனாருக்கு மண்குதிரை எடுப்பார்கள், தெரியுமல்லவா? குதிரையைச் செய்கிற வேளார் கண்ணைக் கடைசியில்தான் திறப்பார். திறந்துவிட்டால் அப்புறம் அது மண் இல்லை, சாமி.

“கண்ணத் தொறந்துட்டா சோறு வைக்கணும்லே. எட்டுப் பேருக்கு எவன் வடிச்சுக் கொட்டுறது?” என்பான் தவசி.

சிரிப்போம். மூன்று கோஷ்டியும் குருடாகவே சண்டை போட்டது.

ஆட்டத்தில் ஒரு விதி இருக்கிறது. அதை மட்டும் சொல்லியாக வேண்டும். அடிபட்டு விழுகிறவன் உடனே சாகமாட்டான். ஆட்டம் முடிந்ததும் அவன் பேருக்குப் பகடையை ஒரு உருட்டு உருட்டவேண்டும். ஒன்றோ இரண்டோ விழுந்தால் செத்தான், இனி எந்த ஆட்டத்திலும் அவனை எடுக்கக்கூடாது. அதற்கு மேல் விழுந்தால் பிழைத்தான், அடுத்த ஆட்டத்துக்கு வருவான்.

கடைசியாக ஆடிய சாயங்காலம் தவசியின் தலைவன் விழுந்தான். தொப்பி வைத்து, வாளைத் தோளில் சாய்த்தபடி நிற்கிற பொம்மை. உருட்டப் போகிற நேரத்தில் கீழே ஊருக்குப் போகிற பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

“காலைல பந்தல்குடி வரைக்கும் ஒரு சோலி இருக்கு. முடிச்சிட்டு வந்து உருட்டிக்கிறேன்” என்று தலைவனை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கி ஓடினான்.

மறுநாள், பந்தல்குடி தாண்டி, தூத்துக்குடி ரோட்டில், லாரி. அவ்வளவுதான். அதற்கு மேல் எழுத எனக்கு இஷ்டமில்லை.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனியும் ஆட்டத்தை நிறுத்தியிருக்கிறது. எங்களுக்கு அது தெரியவந்தது ரொம்ப நாள் கழித்து. நாங்கள் அதற்கு முன்பே நிறுத்தியிருந்தோம். இருபது வருஷத்துக்குப் பக்கம் ஆகிவிட்டது.

சரி, கடைக்கு வருகிறேன். வேல்ராஜ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சொன்னான்:

“தவசி தலைவன் எங்க இருக்கான்னு தெரியுமா உனக்கு? அவுக அம்மா வீட்டுலயே இருக்கு. திருச்சுழில ஒரு கல்யாணத்துல அவன் சொந்தக்காரரு சொன்னாரு. மாடத்துல வச்சிருக்காகளாம்.”

“இருந்துட்டுப் போகுது. அதுக்கு என்ன?”

“இந்தப் பெட்டியிலயும் அதே ஆளு இருக்கான் மாப்ள. அச்சு அசலு. இத அங்க குடுத்துட்டு அத வாங்கிட்டு வந்துருவோம்.”

“எதுக்குலே?”

“உருட்டு பாக்கி இருக்குல்ல.”

பஸ்ஸில் மீதிச் சில்லறை வாங்க வேண்டும் என்கிற மாதிரிச் சொன்னான். கிறுக்குப் பயலே என்று திட்டினேன். திட்டிவிட்டு ஞாயிற்றுக்கிழமை அவனோடு போனேன். ஏன் போனேன்? அதற்குத்தான் இன்றுவரை என்னையே திட்டிக்கொண்டிருக்கிறேன்.

உச்சி வெயில். பைக்கில் போனோம். திருச்சுழி தாண்டியதும் ரோட்டின் இரண்டு பக்கமும் கருவேலம்தான். ஊருக்குள் நுழைந்தால் ஆள் இல்லை. பாதி வீடுகளில் பூட்டு. திருப்பூர், கோயம்புத்தூர், சென்னை என்று போய்விட்டார்கள். பொதுவாக, புதிதாக ஒரு பைக் வந்தால் நாயாவது குரைக்கும். நாய்கள் இருந்தன. நிழலில் படுத்துக்கொண்டு எங்களைப் பார்த்தன. ஒன்றுகூடக் குரைக்கவில்லை.

தவசியின் அம்மா பேர் இருளாயி. சத்துணவுக் கூடத்தில் சமையல் பார்த்து ஓய்வு பெற்றவர். தனியாக இருக்கிறார். வருகிறோம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனாலும் வாசலில்தான் நின்றிருந்தார்.

“வாங்கய்யா. வெயிலோட வந்திருக்கீக. உள்ள வாங்க.”

மூன்று டம்ளரில் மோர் கொண்டு வந்து வைத்தார். நாங்கள் இரண்டு பேர்.

“நீங்களும் குடிங்கம்மா” என்றேன்.

“நான் இப்பத்தான் குடிச்சேன்” என்றார். மூன்றாவது டம்ளர் அப்படியே இருந்தது. நான் அதைப் பார்க்காமல் குடித்தேன்.

மாடம் அடுப்படிச் சுவரில் இருந்தது. கரி பிடித்த குழி. அகல் விளக்கு, திருநீறு, பாட்டில் மூடியில் கொஞ்சம் சோறு. நடுவில் அவன் நின்றான்.

ஒரு நிமிஷம் எனக்கு அடையாளம் தெரியவில்லை. நான் பார்த்த பொம்மை விரல் உயரம்தான் இருக்கும். இது அதைவிடப் பெரியது. தோள் அகன்றிருந்தது. கால் தடித்திருந்தது. வாள் எது, கை எது என்று தெரியவில்லை.

“வளந்திருக்கான்ல?” என்றார் அந்த அம்மா.

சந்தனம். வெள்ளிக்கு வெள்ளி பூசிய சந்தனமும் எண்ணெயும் அடுக்கடுக்காக ஏறிக் காய்ந்து கல்லாகியிருந்தது. நான் மோட்டார் மெக்கானிக், எனக்குக் காரணம் தெரிகிறது. தெரிந்தும் உடம்பு கேட்கவில்லை. ஏனென்றால் முகத்தில் மட்டும் சந்தனம் இல்லை. முகம் அதே முகம். அதில் இரண்டு கண்.

நாங்கள் வைக்காத கண். வெள்ளையில் கறுப்பாக, முள்ளு முனையால் தொட்ட மாதிரி இரண்டு பொட்டு. அது என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“ஆஸ்பத்திரில சட்டையக் குடுத்தாகய்யா” என்றார் அம்மா. “வாச்சு இல்ல. செருப்பு இல்ல. இவன் பையில இருந்தான். அதுக்கு முன்ன இவன நான் கண்ணால பாத்ததில்ல. எம்புள்ளதான் இத்துனூண்டா ஆகி எங்கிட்ட வந்துட்டான்னு எடுத்துக்கிட்டேன். ஆனா பாருங்க, கண்ணு இல்லாம இருந்தான். கண்ணு தெரியாம எப்படிய்யா வீடு வந்து சேருவான்? வேளார்கிட்டச் சொல்லித் தொறந்துட்டேன்.”

கல்யாணம் ஆகாமல், வயசுக்கு முன்னால் போகிறவர்களை எங்கள் பக்கம் வீட்டுச்சாமியாக வைப்பார்கள். அதில் ஒன்றும் புதுசு இல்லை. அந்த அம்மாவிடம் மகனுடையது என்று வேறு எதுவும் கிடையாது. இதுதான் மகன். இது கடையில் விற்கிற பொம்மை என்று தெரிந்தால் அவருக்கு மகன் இன்னொரு தடவை சாவான். இதை யோசிக்கப் பெரிய படிப்பு வேண்டுமா? நான் வேல்ராஜின் காலை அழுத்தி மிதித்தேன். வாயைத் திறக்காதே என்று அர்த்தம்.

அவன் வாயைத் திறக்கவில்லை. பெட்டியைத் திறந்தான்.

சாம்பல் நிற பிளாஸ்டிக் சட்டம். அதில் ஒட்டியபடி எட்டுப் பேர். பெயின்ட் இல்லை, கண் இல்லை. முதல் ஆள், தொப்பியும் தோளில் வாளுமாக.

அம்மா குனிந்து பார்த்தார். மாடத்தைப் பார்த்தார். மறுபடியும் பெட்டியைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“இவுகல்லாம் எந்த ஊருல செத்தவுக?” என்றார்.

வேல்ராஜ் என்னைப் பார்த்தான். “கம்பெனில செய்றதும்மா... மெஷின்ல” என்று இழுத்தான்.

“செய்யட்டும்ய்யா. ஆளு இல்லாமலா செய்வான்? இதுமாரி எம்புட்டுச் செஞ்சிருக்கான்?”

“அது... ஆயிரக்கணக்குல இருக்கும்மா. உலகம் பூரா அனுப்புறான்.”

“அம்புட்டு வீட்டுலயுமா” என்றார் மெதுவாக. அட்டை மூடியை வேல்ராஜ் பக்கம் தள்ளினார். “மூடுய்யா. கண்ணு தொறக்காதவுகள வெயில்ல காட்டக்கூடாது.”

மூடினான். அத்தோடு கிளம்பியிருக்கலாம். நான் எழுந்தும்விட்டேன். இந்தப் பயல் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் சொல்ல ஆரம்பித்தான். ஆட்டம், மாடி அறை, விழுந்த தலைவன், ஹாரன் அடித்த பஸ், உருட்டாமல் விட்ட உருட்டு. பகடையைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினான். அவனை அங்கேயே நாலு அறை அறைந்திருக்க வேண்டும்.

அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். அவருக்கு ஆட்டம் விளங்க நேரமே ஆகவில்லை.

“பூக்கட்டிப் பாக்குறதுதான?” என்றார். சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று என்று பூவை இலையில் மடித்துப் போட்டு, ஒன்றை எடுத்துப் பார்த்துச் சாமியிடம் உத்தரவு கேட்பது எங்கள் ஊர் வழக்கம். “ஒண்ணு ரெண்டு விழுந்தா?”

“செத்துட்டான்னு அர்த்தம்மா.”

“அதுக்கு மேல?”

“பொழச்சுட்டான். அடுத்த ஆட்டத்துக்கு வருவான்.”

“அப்ப விழுந்துதான் கெடக்கான். செத்தானா பொழச்சானான்னு நீங்க இன்னும் பாக்கல.”

“ஆட்டத்துலம்மா” என்று நான் குறுக்கே விழுந்தேன். “ஆட்டத்துல மட்டும். இது வெளையாட்டும்மா.”

“வெளையாட்டுக்கா ரெண்டு பேரும் வேகாத வெயில்ல இம்புட்டுத் தூரம் வந்தீக?”

வேல்ராஜ் பகடையைக் கைக்குள் மூடிக்கொண்டான்.

அம்மா மாடத்தைப் பார்த்தபடி, எங்களிடம் இல்லாமல், தனக்குத்தானே பேசுகிற மாதிரிச் சொன்னார்: “செத்துட்டான்னு விழுந்தா எனக்குப் புதுசா ஒண்ணுமில்ல. பொழச்சான்னு விழுந்துட்டா? இத்தன வருசமா உசுரோட இருக்கவனுக்கா படையல் போட்டேன்?”

அந்த அடுப்படியில் நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது. நான் சட்டையின் மேல் பொத்தானை மாட்டிக்கொண்டேன்.

அவர் கையை நீட்டினார். வேல்ராஜ் பகடையைக் கொடுத்தான். உருட்டப் போகிறார் என்று நினைத்தேன். உருட்டவில்லை. மாடத்தில் அவன் காலடியில் வைத்தார்.

“அவன் உருட்டு. அவனே உருட்டட்டும். நீங்க சாப்ட்டுட்டுப் போங்க.”

சாப்பிடவில்லை. ஏதோ சாக்குச் சொல்லி, அவர் கேட்ட என் போன் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டோம். திருச்சுழியில் டீக்கடையில் நிறுத்தியபோதுதான் வேல்ராஜ் வாயைத் திறந்தான்.

“மாப்ள, டைஸு எந்தப் பக்கம் மேல இருந்துச்சு, கவனிச்சியா?”

கவனித்திருந்தேன். ஒன்று.

“டீயக் குடிலே” என்றேன்.

இந்தக் கம்பெனிக்காரர்களிடம் எனக்கு ஒரே ஒரு கேள்வி. நீங்கள் ஆட்டத்தை நிறுத்தினீர்கள், சரி. நீங்கள் நிறுத்தினால் எங்கள் வீட்டில் எல்லாம் அதே இடத்தில் நின்றுவிடுமா? நீங்கள் விட்ட இடத்திலிருந்து நாங்கள் வேறு என்னென்னவோ செய்து பிழைத்துக்கொண்டிருக்கிறோம். சிலர் மறந்தார்கள். சிலர் குடித்தார்கள். ஒரு அம்மா சோறு வைத்தார். ஒரு வழியாக எல்லாம் காய்ந்து கல்லாகி நிற்கிறபோது, பெட்டியில் ரிப்பன் கட்டி மறுபடியும் அனுப்புகிறீர்களே, யாரைக் கேட்டு அனுப்புகிறீர்கள்?

கேட்டால் பதில் வரப்போவதில்லை. தெரியும். கேட்டு வைக்கிறேன்.

நேற்று கடையில் ஒரு போர்வெல் மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். போன் வந்தது. இருளாயி அம்மா.

“அய்யா, படையல நிறுத்திட்டேன்.”

“ஏம்மா?”

“உசுரோட இருக்கவனுக்கு எதுக்குய்யா படையல்?”

கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தேன். “உருட்டுனீகளாம்மா?”

“நான் தொடல. வெள்ளிக்கெழம வெளக்குப் பொருத்தப் போனேன். டைஸு கீழ கெடந்துச்சு. எண்ணிப் பாத்தேன். அஞ்சு.”

பல்லி தட்டிவிட்டிருக்கும் என்றேன். எலி ஓடியிருக்கும் என்றேன். இல்லாவிட்டால் நீங்களே தூசி தட்டும்போது கை பட்டிருக்கும் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“ஆமய்யா, பல்லியாத்தான் இருக்கும்” என்றார். பயந்துபோன சின்னப் பிள்ளையைச் சமாதானப்படுத்துகிற குரல்.

அப்புறம் அவர் பேசப் பேச நான் கேட்டுக்கொண்டிருந்தேன். சந்தனத்தையெல்லாம் வெந்நீர் ஊற்றிக் கழுவிவிட்டாராம். மாடத்தில் விளக்கு வைப்பதில்லையாம். பாட்டில் மூடியும் இல்லையாம், பெரிய தட்டிலேயே சோறு போட்டு, பக்கத்தில் செம்பில் தண்ணீர் வைத்துவிடுகிறாராம். அந்தக் குரலில் அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. ஒரு மனுஷி சந்தோஷமாக இருக்கிறார், அதைக் கேட்டு எனக்கு வேர்க்கிறது. இதற்கு நான் என்ன செய்ய?

“அடுத்த ஆட்டம் என்னிக்குய்யா?” என்றார் கடைசியில். “கேட்டுக்கிட்டே இருக்கான்.”

கரண்ட் போய்விட்டது அம்மா, அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். கரண்ட் போனால் போன் ஏன் வைக்க வேண்டும் என்று அவர் கேட்கவில்லை.

உடனே வேல்ராஜைக் கூப்பிட்டு, அச்சில் போட முடியாத வார்த்தைகளில் பேசினேன். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான். அந்தப் பெட்டியை முதலில் வீட்டை விட்டு அனுப்பித் தொலை என்றேன். கம்பெனிக்கே திருப்பி அனுப்பத்தான் பார்த்திருக்கிறான்.

பிரித்த பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்களாம்.